ஓடைக்கரையில் ஒரு கலியாணம்

சென்ற ஆண்டு புரட்டாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் நண்பர் ஒருவர் நம்மைத் தேடிக்கொண்டு வந்தார். சர்க்கார் காரியாலயத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். நாமக்கல் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வசிப்பவர். கையில் நீளமாக ஒரு காகிதம் வைத்திருந்தார். முகத்தைப் பார்த்தால் நாலு நாளாகத் தூங்காதவர் என்று தெரிந்தது.

காகிதத்தை வாங்கிப் பார்த்தோம். அவருடைய ஒரே மகளின் கலியாணத்துக்கு ஆகக்கூடிய செலவுக் கணக்கு அது. மண்டப வாடகை, மின்சாரம், மேடை அலங்காரம், சமையல், தாம்பூலப் பை, வரவேற்பு, இன்னிசைக் கச்சேரி, ஆகாயத்தில் பறந்து படம் எடுக்கும் யந்திரத்துக்கு ஒரு தொகை என்று இறங்கிக்கொண்டே போய், அடியில் ஒன்பது லட்சம் என்று முடிந்தது.

"பணத்துக்கு என்ன வழி?" என்று கேட்டோம்.

"ஒன்றரை ஏக்கர் கடலைக்காடு இருக்கிறதல்லவா? அதைக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்" என்றார், வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு.

அந்த நிலம் அவருடைய தகப்பனார் வெட்டித் திருத்திய நிலம். அது போனால் பிறகு அவருக்கென்று மிஞ்சுவது ஓய்வூதியமும் ஓட்டு வீடும்தான்.

அதுவரை பின்னால் பேசாமல் நின்றுகொண்டிருந்த மகள் - அவள் நம்மிடம் படித்தவள் - இப்போது வாய் திறந்தாள். "நீங்களாவது அப்பாவிடம் சொல்லுங்கள், ஸார். எனக்கு மண்டபம் வேண்டாம். கொல்லிமலையிலே ஆற்றங்கரையிலே ஐம்பது அறுபது பேரை வைத்துக்கொண்டு கலியாணம் நடந்தால் போதும். அவருக்கும் இது சம்மதந்தான்."

"ஆற்றங்கரையிலே கலியாணமா? ஊரிலே என்ன சொல்வார்கள்?" என்றார் நண்பர்.

'ஊரிலே என்ன சொல்வார்கள்' என்னும் இந்த மூன்று சொற்களுக்காக நம் நாட்டில் விற்றுப்போன வயல்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் ஒரு ஜில்லாவே தேறும் என்பது நம் அபிப்பிராயம். ஆனாலும் அன்று நாம் அதைச் சொல்லவில்லை. "யோசித்துப் பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னோம். யோசனை ஐந்து மாதம் நடந்தது. அதில் நாம் கற்றுக்கொண்டதை நேயர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். பெண்ணையோ பிள்ளையையோ வைத்துக்கொண்டு இதே போன்ற காகிதத்தோடு உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள் பல இருக்கும் அல்லவா?

புதுமை அல்ல

முதலில் நண்பருக்குத் தைரியம் சொல்ல வேண்டியிருந்தது. வெட்டவெளியில், சுருக்கமாகக் கலியாணம் செய்வது மேல்நாட்டு நாகரிகம் என்று அவர் நினைத்தார். நாம் சர்வகலாசாலையில் படித்த சங்க நூல்கள் அப்போது கைகொடுத்தன.

அகநானூற்றில் 86-ஆவது பாட்டும் 136-ஆவது பாட்டும் பழந்தமிழர் கலியாணத்தை நேரில் பார்த்ததுபோல் வருணிக்கின்றன. பந்தல் போடுகிறார்கள், கீழே புது மணல் பரப்புகிறார்கள், விளக்கு ஏற்றுகிறார்கள். திங்கள் நல்ல நாளில் சேர்ந்திருக்கும் வேளையில், மக்களைப் பெற்ற மங்கல மகளிர் நால்வர் நீரும் பூவும் நெல்லும் சொரிந்து மணமகளை நீராட்டி வாழ்த்துகிறார்கள். சுற்றத்தாருக்குச் சோறு உண்டு. இவ்வளவுதான் கலியாணம். மணல், நீர், பூ, நெல், உறவினர் என்ற ஐந்தில் ஒன்றுக்கேனும் நிலத்தை விற்க வேண்டியதில்லை.

அண்மைக் காலத்துக்கு வந்தாலும் உதாரணம் இல்லாமற் போகவில்லை. 1933-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16-ஆம் தேதி புனா நகரில் ராஜாஜியின் புதல்வி லக்ஷ்மிக்கும் காந்தி மகாத்மாவின் புதல்வர் தேவதாஸுக்கும் விவாகம் நடந்தது. தேசமே திரண்டு வந்திருக்கக்கூடிய கலியாணம் அது. ஆயினும் வெகு எளிமையாக முடிந்தது. அதற்காக அந்தத் தம்பதிகளின் பெருமை ஓர் அணுவும் குறைந்துவிடவில்லை.

இதையெல்லாம் கேட்டபின் நண்பர், "சரி, இடத்தையாவது போய்ப் பார்ப்போம்" என்றார். பாதிக் கலியாணம் முடிந்தது என்று நாம் நினைத்துக்கொண்டோம். அது தவறு என்பது பிறகுதான் தெரிந்தது.

எழுபது வளைவுகள்

கொல்லிமலை, கடல் மட்டத்துக்கு மேல் ஆயிரம் முதல் ஆயிரத்து முந்நூறு மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் மலை. வல்வில் ஓரி ஆண்டதாகச் சங்க நூல்கள் பாடும் மலை. அடிவாரத்தில் காரவள்ளியிலிருந்து ஏறும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் சரியாக எழுபது. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். இருபதாவது எண்ணைக் கண்டபோது நண்பரின் வயிறு முறையிட ஆரம்பித்தது. நாற்பதாவதில் வண்டியை நிறுத்தச் சொன்னார். எழுபதாவதைத் தாண்டிக் குளிர்ந்த காற்று முகத்தில் பட்டபோது, "எண்பது வயது அம்மாவை இந்த வழியில் எப்படி ஐயா அழைத்து வருவது?" என்று கேட்டார். ஊரைப் பற்றிய கவலை போய், தாயைப் பற்றிய கவலை வந்ததே என்று நமக்கு ஒரு விதத்தில் சந்தோஷந்தான்.

மலையின் மேலே பரந்த சமவெளிகளும் பள்ளத்தாக்குகளும் இருக்கின்றன. மலைவாசிகள் அவற்றை 'நாடு' 'நாடு' என்று பிரித்திருக்கிறார்கள். அரியூர் நாடு, வளப்பூர் நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு, வாழவந்தி நாடு என்று இப்படிப் பல. ஓரியின் சிலை நிற்கும் செம்மேடுதான் மலைக்குத் தலைநகரம் போல. இங்குள்ள பழங்குடி மக்கள் தங்களை மலையாளிகள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். கேரள தேசத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர்கள் என்று பொருள். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த சகோதரர் மூவரின் வழியில் தோன்றியவர்கள் தாங்கள் என்பது அவர்களுடைய பரம்பரைக் கதை.

மணப்பெண் மனத்தில் வைத்திருந்த இடம் ஆகாய கங்கை. வளப்பூர் நாட்டில், அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகில், ஐயாறு சுமார் முந்நூறு அடி உயரத்திலிருந்து விழும் அருவி அது. பார்த்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் அதன் அடியை அடைய ஆயிரத்துக்கும் அதிகமான படிகள் இறங்க வேண்டும். பிறகு அத்தனையும் ஏற வேண்டும். பட்டுப்புடவையும் கூறைத் தட்டுமாக யார் இறங்குவது? சமையல் பாத்திரத்தை யார் தூக்குவது? அன்றியும் அது வனத்துறையின் பார்வையில் இருக்கும் பொது இடம். மழை மிகுந்தால் வாசலையே மூடிவிடுவார்கள். பாதிப் படியிலேயே மணப்பெண் உட்கார்ந்து, "அப்பாயியால் இங்கே வர முடியாது, ஸார். அப்பாயி இல்லாமல் எனக்குக் கலியாணம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள்.

இதிலிருந்து நாம் கண்ட முதல் பாடம்: கண்ணுக்கு அழகான இடம் வேறு, கலியாணத்துக்கு ஏற்ற இடம் வேறு. கூட்டத்தில் மிகவும் தளர்ந்தவர் யாரோ, அவருடைய கால் எட்டும் இடந்தான் மணவறை.

அரியூர் நாட்டில்

நம்மிடம் படித்த மலையாளிப் பையன் ஒருவன் இப்போது மலையில் அரசு உத்தியோகம் பார்க்கிறான். அவனுடைய குடும்பத்துக்கு அரியூர் நாட்டில் பட்டா நிலம் இருக்கிறது. மிளகுக் கொடி ஏறிய மரங்கள், அவற்றின் நிழலில் காப்பிச் செடிகள், ஒரு பலா, ஓரத்தில் வளைந்து செல்லும் ஓடை. வண்டி நிற்கும் பாதையிலிருந்து ஓடைக்கரை நூறு அடி தூரம், படி கிடையாது. ஓடை வளையும் இடத்தில் வெண்மையான மணல்திட்டு ஒன்று இருந்தது. அதைப் பார்த்தவுடன் மணப்பெண் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் போய் நின்றாள். "இங்கேதான்!" என்றாள்.

பையனுடைய தகப்பனார் அறுபது வயதுப் பெரியவர். தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, மணலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "இங்கே வேண்டாமுங்க, வாத்தியாருங்க" என்றார்.

"ஏன்?"

பதில் சொல்லாமல் ஓடையோரத்தில் நின்ற ஒரு மரத்தைக் கையால் காட்டினார். அதன் கிளைகளில், நம் தலைக்குச் சமமான உயரத்தில், காய்ந்த புல்லும் சருகும் சுள்ளியும் கொத்துக் கொத்தாகச் சிக்கிக்கொண்டிருந்தன. பறவைக் கூடு என்று நாம் நினைத்திருந்தோம். "போன மழையிலே தண்ணி இதுவரைக்கும் வந்துதுங்க" என்றார்.

மனிதன் வார்த்தையைவிடக் கண்ணால் காண்பதை நம்புகிறவன். ஐப்பசி மாதம் இரண்டாம் முறை போனபோது அதையும் கண்டோம். மத்தியானம் மூன்று மணி. நம் தலைக்கு மேல் வெயில். மேற்கே உயரத்தில் மட்டும் கருமேகம் கவிந்திருந்தது. மணல்திட்டின்மேல் பந்தலுக்குக் கயிறு வைத்து அளந்துகொண்டிருந்தோம். மணப்பெண்ணும் அவள் தகப்பனாரும் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தார்கள். திடீரென்று பெரியவர் மேலேயிருந்து கூவினார். தெளிந்த நீர் தேநீர் நிறமாக மாறியிருந்தது. சருகுகள் மிதந்து வந்தன. நாம் கரையேறி மூச்சு வாங்குவதற்குள் கயிறும் முளைக்குச்சியும் போய்விட்டன. கால் மணி நேரத்தில் மணல்திட்டு இருந்த இடமே தெரியவில்லை. அதன்மேல் அறுபது பேர் உட்கார்ந்திருந்தால்? யாரும் அதைப் பேசவில்லை. நண்பர் மகளுடைய கையை அன்று சாயங்காலம்வரை விடவில்லை.

மலையோடைகளின் குணம் இது. மழை பெய்யும் இடம் ஒன்று, வெள்ளம் வரும் இடம் ஒன்று. 2024-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் தேதி குற்றாலம் பழைய அருவியில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகையால் இரண்டு முடிவுகள் செய்தோம். கலியாணம் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கோடை இடிமழை தொடங்குவதற்கு முன்னால், மாசி மாதத்தில். பந்தல், மரக்கிளையில் சருகு சிக்கிய உயரத்துக்கும் மேலே, பலாமரத்தடி மேட்டில். ஓடை கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்கும், காலை நனைக்காது. அழகுக்கு அதுவே போதும்.

பெரியவர் கேட்ட கேள்வி

பந்தல் வேலை, தண்ணீர், விறகு, பாத்திரம் எல்லாம் பேசி முடித்தோம். வேலைக்கு இவ்வளவு கூலி, இடத்துக்கு இவ்வளவு என்று நண்பர் தொகையும் சொன்னார். பெரியவர் இடத்துக்கு ஒன்றும் வேண்டாம் என்றார். பிறகு சிறிது நேரம் தரையைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"நாங்க கம்பு நடுவோம், தண்ணி தூக்குவோம். எல்லாம் செய்வோமுங்க. கலியாணத்துக்கு எங்களைக் கூப்பிடுவீங்களா?"

நமக்குச் சுரீர் என்றது. அறுபது பேர் ஜாபிதாவை நாலு தடவை திருத்தி எழுதியிருந்தோம். அதில் சென்னையில் இருக்கும் தூரத்து உறவினர் பெயர் இருந்தது. நண்பருடைய பழைய மேலதிகாரியின் பெயர் இருந்தது. இடம் கொடுத்தவர் பெயர் இல்லை. மலையையும் ஓடையையும் பலாமரத்தையும் பார்த்த நம் கண்களுக்கு, அந்த மரத்தை வைத்த மனிதர் படவில்லை. பிள்ளைகளுக்கு ஒழுக்கம் போதிக்கும் உத்தியோகத்தில் இருக்கும் நாமே இப்படி!

அந்தச் சிற்றூரில் பன்னிரண்டு வீடுகள். ஏறக்குறைய ஐம்பது பேர். எல்லோரையும் அழைத்தால் எண்ணிக்கை நூற்றுப்பத்தாகிவிடும், செலவு ஏறும் என்று நண்பர் தயங்கினார். வீட்டுக்குத் திரும்பித் தாயாரிடம் சொன்னார். கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த அந்தக் கிழவி எழுந்து உட்கார்ந்தாள். "முற்றத்தைக் கொடுத்தவனை வெளியே நிறுத்திப்போட்டு நாம பந்தியிலே உட்காருறதாடா? ஊரு என்ன சொல்லும்னு கேட்பியே, இதுக்கு ஊரு என்ன சொல்லும்?" என்றாள்.

அவ்வளவுதான். நண்பரும் அவர் மனைவியும் மறுபடி எழுபது வளைவுகளும் ஏறி, வெற்றிலை பாக்கும் குங்குமமும் பத்திரிகையுமாகப் பன்னிரண்டு வீடுகளுக்கும் முறைப்படி போய் அழைத்துவிட்டு வந்தார்கள். ஜாபிதாவில் பெயர் இல்லாத உறவினர்களுக்கு, கலியாணம் இன்ன நாளில் சுருக்கமாக நடைபெறுகிறது, இருந்த இடத்திலிருந்தே ஆசி கூற வேண்டும் என்று கைப்படக் கடிதம் எழுதினார். கோபித்துக்கொண்டவர்கள் நாலைந்து பேர். பதில் எழுதி வாழ்த்தியவர்கள் அதற்குப் பல மடங்கு.

சட்டமும் ஒழுங்கும்

வெட்டவெளிக் கலியாணம் செல்லுமா என்று மாப்பிள்ளையின் தாயார் கேட்டனுப்பினார். நியாயமான கேள்வி.

1955-ஆம் ஆண்டு ஹிந்து விவாகச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, மணமக்களில் யாராவது ஒருவருடைய குல வழக்கப்படியான சடங்குகளோடு விவாகம் நடக்கவேண்டும் என்கிறதே தவிர, சுவர் இருக்கவேண்டும் என்று சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 1967-ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் சேர்ந்த 7-அ பிரிவின்படி, உறவினர் அல்லது நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றிக்கொள்வதோ, மோதிரம் அணிவிப்பதோ, தாலி கட்டுவதோ போதும். புரோகிதர் இல்லாமலும் செல்லும். 2024-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், சடங்கு எதுவும் நடக்காமல் சான்றிதழ் மட்டும் வாங்கிக்கொண்டால் அது ஹிந்து விவாகம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. விவாகம் என்பது ஆட்டபாட்டத்துக்கும் விருந்துக்கும் சீருக்கும் உரிய சந்தர்ப்பம் அன்று என்றும் நினைவூட்டியது. சடங்கு சுருங்கலாம், இல்லாமற்போகக் கூடாது. பழங்குடிப் பட்டியலில் உள்ள மலையாளிகளுக்கோ, மத்திய சர்க்கார் தனியாக அறிவித்தாலன்றி, இந்த 1955-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது. அவர்களுடைய வழக்கமே அவர்களுக்குச் சட்டம்.

எந்தக் கலியாணமானாலும் தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு செய்தாக வேண்டும். அதற்குத் தொண்ணூறு நாள் தவணை. மண்டபத்து ரசீதோ கோயில் ரசீதோ இல்லாதபடியால், அச்சிட்ட பத்திரிகையையும், தாலி கட்டும் படத்தையும், சாட்சிகளின் அடையாளச் சீட்டுகளையும் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலையில் மரம் தெரியும் இடமெல்லாம் நமக்குச் சொந்தமில்லை. காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதி இல்லாமல் அடுப்பு மூட்டுவதோ கூட்டம் கூட்டுவதோ குற்றம். பட்டா நிலமாக இருந்தாலும் சொந்தக்காரரின் சம்மதத்தோடு, ஊராட்சிக்கும் காவல் நிலையத்துக்கும் தெரிவித்துவிடுவது மரியாதை. ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாடு முழுவதும் தடை செய்யப்பட்டிருக்கின்றன. மலையில் அதை இரட்டிப்பாகக் கைக்கொள்ள வேண்டும். நாம் விட்டெறிவது ஓடையில் இறங்கி யார் வாயிலோ போகிறது அல்லவா?

நாம் செய்துகொண்ட ஏற்பாடுகள்

மண்டபத்தை மலைமேல் தூக்கிச் செல்வதானால் மண்டபத்திலேயே நடத்திவிடலாம். மேடை, அலங்கார விளக்கு, மின்சார யந்திரம், வெளியூர்ப் பூ என்று ஏற்ற ஆரம்பித்தால் ஒன்பது லட்சம் பன்னிரண்டாகும். மலையில் இருப்பதைக் கொள்வது, இல்லாததை விட்டுவிடுவது என்று வைத்துக்கொண்டோம்.

பந்தலுக்கு மூங்கிலும் தென்னங்கீற்றும். உட்காரப் பாய், முதியோருக்கு மட்டும் இருபது நாற்காலிகள். சமையலுக்கு அந்த ஊர்ப் பெண்களே முன்வந்தார்கள். சாமைச் சோறு, தினைப் பாயசம், மொச்சைக் குழம்பு, மலைவாழைப்பழம், தேன். கொல்லிமலையில் ஒரு காலத்தில் எங்கும் விளைந்த சாமையும் தினையும், ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி பரவியபின் குறைந்துவிட்டன. 1990-களிலிருந்து எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலைப்பெண்களோடு சேர்ந்து, உமி நீக்கும் யந்திரங்கள் வைத்து, இந்தத் தானியங்களை மீட்கப் பாடுபட்டு வருகிறது. ஒரு பந்திச் சாமைச் சோறு அந்த முயற்சிக்கு ஒரு கைப்பிடி உதவி. பரிமாற வாழை இலை. குடிக்கப் பித்தளைத் தம்ளர். தண்ணீர் காய்ச்சி ஆற்றியது.

நெருப்பு விஷயத்தில் வெகு கவனம் வேண்டியிருந்தது. மாசியில் மலைப் புல் காய்ந்திருக்கும். 2018-ஆம் ஆண்டு மார்ச் மாதம் தேனி ஜில்லா குரங்கணியில் காட்டுத் தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அடுப்பைச் சுற்றிச் சருகைப் பெருக்கி, மண்ணை ஈரமாக்கி, பக்கத்தில் நாலு குடம் தண்ணீர் வைத்தோம். வாணவேடிக்கை கிடையாது. பெரியவர் இன்னொன்றும் சொன்னார்: ஓடைக்கு அக்கரையில் பாறை இடுக்கில் மலைத்தேனீயின் அடை ஒன்று தொங்கியது. புகையும் அதிர்ச்சியும் அதற்கு ஆகாது. ஆகவே ஹோமப் புகைக்குப் பதில் குத்துவிளக்கே சாட்சி என்றும், ஒலிபெருக்கி வேண்டாம், ஒரு நாதஸ்வரமும் தவிலும் அடக்கமாக வாசித்தால் போதும் என்றும் இரு வீட்டாரும் ஒப்புக்கொண்டார்கள்.

பெண்கள் உடை மாற்றவும், கழிப்பறைக்கும் பெரியவர் வீடும் அடுத்த வீடும். எழுதுவதற்குக் கூச்சமாக இருக்கலாம். ஆனால் மேடை அலங்காரத்தைப் பற்றிப் பத்து நாள் பேசுகிறவர்கள் இதைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசாததால் எத்தனை கலியாணங்களில் நம் சகோதரிகள் கஷ்டப்பட்டிருக்கிறார்கள்! முதலுதவிப் பெட்டி ஒன்றும், செம்மேட்டு மருத்துவமனைக்குப் போகத் தயாராக ஒரு வண்டியும் வைத்தோம். நீளமான பெரிய வண்டிகளுக்கு அந்த வளைவுகள் இடங்கொடா. சிறிய வண்டிகளே அமர்த்தினோம். முதியவர்கள் முந்தின நாளே மெதுவாக ஏறிச் செம்மேட்டில் தங்கினார்கள். காலை வெறும் வயிற்றோடும் ஏறக்கூடாது, வயிறு முட்டவும் ஏறக்கூடாது என்று சொல்லியனுப்பினோம். பனி விலகுவதற்காக முகூர்த்தம் ஒன்பதரை மணிக்கு மேல். இருட்டுவதற்குள் எல்லோரும் அடிவாரம் சேர்ந்துவிட வேண்டும்.

அந்த நாள்

ஒன்பது மணிவரை பனி விலகவில்லை. பலாமரமே தெரியவில்லை. நாதஸ்வர வித்துவான் எங்கே உட்காருவது என்று கையால் தடவிப் பார்த்தார். நண்பர் நம்மைப் பார்த்த பார்வையில், 'உம்முடைய பேச்சைக் கேட்டேனே!' என்பது எழுதியிருந்தது. ஒன்பதே காலுக்குத் திரை தூக்கினாற்போல் வெளுத்தது. முதலில் ஓடையின் சத்தம் வந்தது, பிறகு ஓடை வந்தது, பிறகு அக்கரை.

பழைய பாட்டில் உள்ளபடி நாலு பெண்கள் நீரும் பூவும் நெல்லும் தூவி வாழ்த்தவேண்டும் என்பது மணப்பெண்ணின் ஆசை. அவளுடைய தாயார், மாப்பிள்ளையின் தாயார், பெரியவரின் மனைவி மூவரும் வந்து நின்றார்கள். நாலாவது யார் என்று கேள்வி வந்தது. மணப்பெண் எழுந்து போய், பந்தல்காலுக்குப் பின்னால் ஒதுங்கி நின்ற அப்பாயியின் கையைப் பிடித்தாள். கிழவி கணவனை இழந்து முப்பது வருஷம் ஆயிற்று. அந்த முப்பது வருஷமும் எந்தக் கலியாணத்திலும் பந்தல்காலுக்கு இப்பால் வராதவள். "நான் வரப்படாது, கண்ணு" என்றாள். நாம் மாப்பிள்ளையின் தாயாரைப் பார்த்தோம். அந்த அம்மாள் ஒரு நிமிஷம் பேசாமலிருந்தார். பிறகு தாமே பூத்தட்டைக் கொண்டுபோய்க் கிழவியிடம் நீட்டினார். அப்பாயியின் கை நடுங்கியது. நெல் பாதி பேத்தியின் தலையிலும் பாதி மண்ணிலும் விழுந்தது.

தாலி கட்டி முடிந்ததும் ஒரே பந்தியில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். பெரியவருக்கு அடுத்த இலையில் நண்பருடைய பழைய மேலதிகாரி. சாமைச் சோற்றை அவர் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை நாம் கவனித்தோம். மூன்று மணிக்குள் பந்தல் பிரிந்தது. இலைகளை உரக்குழியில் போட்டு மூடினார்கள். கடைசியில் இரு வீட்டுப் பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளும் ஒரு கோணிப் பையை எடுத்துக்கொண்டு ஓடைக்கரை முழுவதும் சுற்றி, ஒரு நூல், ஒரு காகிதம் விடாமல் பொறுக்கினார்கள்.

செலவு இரண்டு லட்சத்துச் சொச்சம். கடலைக்காடு நண்பரிடமே இருக்கிறது. சென்ற மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். உழவு முடித்து விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். அப்பாயி கட்டிலில் உட்கார்ந்து சொத்தையைப் பொறுக்கினாள். தலைச்சுமையாக ஒரு பலாப்பழம் மலையிலிருந்து வந்து இறங்கியிருந்தது. பெரியவர் தம் பேத்தியின் கலியாணத்துக்கு நாள் வைத்திருக்கிறாராம். பழத்தோடு வெற்றிலை பாக்கும் அனுப்பியிருந்தார்.

"எழுபது வளைவு, அம்மா. உன்னால் முடியுமா?" என்றார் நண்பர்.

"கூப்பிட்டிருக்கிறாங்களே, போகாமே இருக்கலாமாடா?" என்றாள் கிழவி.